குழலுக்குள் தங்கும் கரி: சுட்ட பிறகு ரைஃபிளைத் துலக்குவது எப்படி?

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் உள்ளவர்கள் வழக்கம்போலத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த .315 ரைஃபிளை நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் சுடுதளத்தில் ஒரு பழைய தோட்டாப் பெட்டியைச் சுட்டுத் தீர்த்திருந்தேன். தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியைக் குழலுக்குள் இரண்டு தடவை விட்டு எடுத்தேன், சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன். ஜூனில் வாங்கி வந்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே, குண்டைச் சுழற்றிவிடச் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஓரமெல்லாம் துரு. விட்டு எடுத்த துணியில் மிளகாய்த்தூள் தூவியது போல ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா நாற்பது வருடம் கண்ணாடி மாதிரி வைத்திருந்த குழல் அது.

மதுரைப் பக்கம் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும், கிளப்பில் சேர்ந்து .22 என்ற சிறு குண்டு ரைஃபிள் சுடப் பழகுகிறவர்களுக்கும் இந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குழலுக்குள் படிவது ஒரே அழுக்கு இல்லை. தோட்டாவின் வெடிமருந்து எரிந்த கரி ஒன்று. குண்டின் மேலுறை உரசி ஒட்டிக்கொள்ளும் செம்பு இன்னொன்று. உறை இல்லாத குண்டாக இருந்தால் ஈயம். மூன்றாவது உப்பு. பழைய ரகத் தோட்டாக்களின் கேப்பில், அதாவது அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்த பின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும், கிட்டத்தட்ட நம் சமையல் உப்புக்குப் பங்காளி. ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி கசிகிறதே, அதேபோல இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். நான் அந்த உப்பின் மேலேயே எண்ணெய் பூசி, மூன்று மாதம் பூட்டி வைத்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். அப்புறம் போல்ட்டையே கழற்றிவிடுங்கள். ‘காலியாகத்தான் இருக்கும்’ என்ற நினைப்பில் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. காற்றோட்டமான திண்ணையோ மொட்டை மாடியோ போதும். அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம். கரியில் ஈயம் கலந்திருக்கும், அழுக்கைக் கரைக்கும் திரவமான சால்வென்டோ தீப்பிடிக்கும்.

வேண்டிய சாமான்கள்: வளையாத ஒரே துண்டுக் கம்பி, குழலின் அளவுக்கேற்ற வெண்கலப் பிரஷ், கரி கரைக்கும் சால்வென்ட், செம்பு கரைக்கும் சால்வென்ட், மெல்லிய மெஷின் எண்ணெய், நிறைய துணித்துண்டு. துணிக்குப் பழைய வெள்ளை வேட்டியை ரூபாய் நாணய அளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய சுங்குடிச் சேலை கிடக்கும், அதை வெட்டாதீர்கள். துணியில் வரும் நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த வேலையை முடிவு செய்யப்போகிறோம். சாயத் துணியில் அது தெரியாது.

குழலில் லேசான சூடு இருக்கும்போதே தொடங்கினால் கரி இளகி வரும், ஆறிக் கிடந்தால் இறுகிப்போகும். கம்பியைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது வாயின் விளிம்பை. அங்கே கம்பி உரசித் தேய்ந்தால் குறி கெடும்.

பழைய ரகத் தோட்டா என்ற சந்தேகம் இருந்தால், சால்வென்டுக்கு முன்பே வெந்நீரில் நனைத்த துணியை நாலைந்து தடவை விடுங்கள். போல்ட்டின் முகப்பையும் அதே ஈரத்துணியால் துடையுங்கள், உப்பு அங்கேயும் தெறித்திருக்கும். உடனே உலர்ந்த துணிகளை விட்டு ஈரத்தைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இரும்பில் தண்ணீரா என்று தயங்க வேண்டாம். மிச்சம் வைக்கிற தண்ணீர்தான் கெடுதல்.

அடுத்தது கரி. சால்வென்டில் நனைத்த துணியை ஒரு தடவை விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நனைத்த பிரஷை எட்டு, பத்து தடவை. பிரஷ் மறுமுனையில் முழுசாக வெளியே வந்த பிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும். நடுவழியில் திருப்பினால் முடிகள் மடங்கிப் பிரஷ் வீணாகும். அப்புறம் துணி. முதல் துணி அடுப்புக்கரி மாதிரி வரும், அடுத்தடுத்து வெளுக்கும். தோட்டா அறை முடிந்து பள்ளங்கள் தொடங்கும் இடத்தில்தான் கரி கல்லாக இறுகும். அங்கே மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும்.

கரி போன பிறகு செம்பு. அம்மோனியா கலந்த சால்வென்டை நனைத்து விட்டு, புட்டியில் போட்டிருக்கும் நேரம் மட்டும் காத்திருங்கள், ஒரு நிமிடம்கூட அதிகம் வேண்டாம். துணி மயில்கழுத்து நிறத்தில் நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷ் பயன்படுத்துங்கள், வெண்கலத்திலேயே செம்பு உண்டு. கம்பியில் துணி மாட்டும் முனை பித்தளையாக இருந்தால் அதுவும் கரைந்து நீலம் காட்டும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க சுத்தமான குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தது இதனால்தான்.

.22 சுடுபவர்களுக்கு இந்தச் செம்பு வேலை அநேகமாகத் தேவைப்படாது. அந்தக் குண்டுகள் பெரும்பாலும் மெழுகோ கொழுப்போ பூசிய ஈயம். மென்மையாகத் துடைத்தாலே போதும்.

என் அத்தை மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே வீட்டிலேயே மருந்தை நிறுத்துத் தோட்டா நிரப்பிச் சுடுகிறார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் நமக்கும் உதவும். சுட்ட வெற்றுத் தோட்டாவின் கழுத்தைத் தாண்டி உடம்பு வரை கரி வழிந்திருந்தால், அழுத்தம் குறைவாக இருந்திருக்கிறது. பித்தளை விரிந்து அறையை அடைக்காததால் புகை பின்னால் கசிந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிரப்பலில் மருந்து முழுசாக எரியாமல் குழலில் மணி மணியாகக் கிடக்குமாம். சில மருந்துகளில் செம்பு ஒட்டாமல் இருக்கத் தகரம், பிஸ்மத் மாதிரி உலோகங்களையும் சேர்க்கிறார்கள் என்றான். இங்கே நாம் கடைத் தோட்டாதான் சுடுகிறோம். இருந்தாலும் சுட்ட தோட்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நத்தம், உசிலம்பட்டிப் பக்கம் குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகத் தங்கிவிடும், அதுவும் ஈரத்தை இழுக்கிற வகை. அதற்குச் சுடுதண்ணீரும் சோப்பும்தான் மருந்து, அன்றைக்கு ராத்திரிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு முன், குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வெளியே வைத்து அளந்து பாருங்கள். அளவு குறைந்தால் உள்ளே மருந்தோ குண்டோ இருக்கிறது, வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் மதுரையிலேயே அது கட்டியாகிவிடும், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். துணியில் இரண்டு சொட்டு விட்டு மெலிதாகப் பூசினால் போதும். ரெக்சின் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பூட்டிய அலமாரியில் குழலின் வாய் கீழே இருக்கும்படி வைத்தால் எண்ணெய் வழிந்து மரக்கட்டையில் இறங்காது. அழுக்குத் துணிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது, வெந்நீரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். என் ரைஃபிளுக்கு இதை நான்கு வாரம் செய்தேன். துரு நின்றது, தின்ற இடத்தில் புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை சுடப் போகும்போது குழலில் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டுச் சுடுங்கள். அப்படி எடுத்தாலும் துலக்கிய குழலின் முதல் குண்டு சற்றே விலகிப் போகலாம், அதை வைத்துப் பார்வைக் குறியைத் திருகாதீர்கள்.