லேண்டிங் கியர் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும், ஓடுபாதையில் மோதும் அதிர்ச்சி முழுவதும் லேண்டிங் கியரை, அதாவது சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் கால்களையும், பிணைத்திருக்கும் சில போல்ட்டுகளின் வழியாகத்தான் உடற்பகுதிக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் இவ்வகை விமானங்களை 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். கட்டியவரே அதற்குரிய ரிப்பேர்மேன் சான்றிதழைப் பெற்று அந்தப் பரிசோதனையைச் செய்யவும் முடியும். அவ்வாறு செய்யும்போது, கட்டும் காலத்தில் தவறு செய்தவரும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவரும் ஒருவராகவே இருப்பதால், போல்ட்டின் இறுக்கம் என்பது உண்மையில் என்ன என்ற தெளிவு அவருக்கு மிகவும் தேவைப்படுகிறது.

போல்ட்டை இறுக்குவதன் நோக்கம் நட்டைத் திருப்புவதன்று; போல்ட்டைச் சிறிதளவு நீட்டி, அது சுருங்க முயலும் விசையால் இரு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்தி வைப்பதே நோக்கம். முறுக்கு விசையைக் காட்டும் திருகுசாவியான டார்க் ரெஞ்ச் இந்தப் பிடிப்பு விசையை அளப்பதில்லை. நட்டைத் திருப்பத் தேவைப்படும் முறுக்கு விசையை மட்டுமே அது காட்டுகிறது. அந்த முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடிப்பரப்பிலும் உராய்வாகவே செலவாகிவிடுகிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

மிகப் பரவலான தவறு, ஏற்கெனவே இறுகியிருக்கும் நட்டின் மேல் ரெஞ்சை வைத்து, அதில் குறித்து வைத்த விசை எட்டியதைச் சொல்லும் 'கிளிக்' ஒலி கேட்டவுடன் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வதாகும். அசையாமல் நிற்கும் நட்டை நகர்த்த, ஓடிக்கொண்டிருக்கும் நட்டைத் திருப்புவதைவிட அதிக விசை வேண்டும். துருவோ வண்ணப்பூச்சோ மரையைப் பிடித்திருந்தால், உள்ளே பிடிப்பு விசை குறைந்துபோன போல்ட்டும் கிளிக் ஒலியைக் கொடுத்துவிடும். நட் சிறிது நகர்ந்தால், அது ஏன் தளர்ந்தது என்று ஆராயாமல் இறுக்கிவிட்டுப் போவது இதைவிடவும் மோசமானது. ஏனெனில் இணைப்பு கொடுத்த ஒரே எச்சரிக்கை அதோடு அழிந்துவிடுகிறது. முதன்முறை இறுக்கியவுடன் நட்டிலிருந்து அடிப்பரப்பு வரை டார்க் சீல் என்னும் வண்ணப் பசையால் ஒரு கோடு இட்டுவிட வேண்டும். பரிசோதனையின்போது அந்தக் கோடு உடையாமல் இருந்தால் நட்டைத் தொடாமல் விடலாம். உடைந்திருந்தால் முழுவதும் கழற்றி, போல்ட்டையும் துளையையும் பார்த்து, புதிய நட் போட்டு மீண்டும் இறுக்க வேண்டும். கோடு முழுதாக இருப்பது நட் திரும்பவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. நட் திரும்பாமலேயே, இடையில் உள்ள பொருள் அமுங்கிப் பிடிப்பு குறைந்திருக்கலாம்.

எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு விசை என்று கூறும் பட்டியலைத் தவறாகப் படிப்பது அடுத்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி என்னும் கையேட்டின் பட்டியலில், இழுவிசையைத் தாங்கும் நட்டுகளுக்கு, ஏஎன்4 எனப்படும் கால் அங்குல போல்ட்டில் 50 முதல் 70 அங்குல-பவுண்டும், ஏஎன்5 போல்ட்டில் 100 முதல் 140-உம், ஏஎன்6 போல்ட்டில் 160 முதல் 190-உம் தரப்பட்டுள்ளன. குறுக்கே வெட்டும் விசையைத் தாங்கும் இணைப்புகளில் போடும் மெல்லிய ஷியர் நட்டுகளுக்கு மதிப்புகள் வேறு; ஏஎன்4-இல் அது 30 முதல் 40 மட்டுமே. எனவே போல்ட்டின் அளவைப் பார்த்தால் மட்டும் போதாது, நட் எந்த வகை என்பதையும் பார்த்தாக வேண்டும். கார் பட்டறையில் பழகியவர்கள் அடி-பவுண்டு ரெஞ்சை எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஓர் அடி-பவுண்டு 12 அங்குல-பவுண்டு என்பதால், அந்த ரெஞ்சில் 60 என்று வைத்தால் கால் அங்குல போல்ட் முறிந்துவிடும். விமானத்தின் வரைபடமோ பாகங்களைத் தொகுப்பாக விற்ற கிட் நிறுவனத்தின் கையேடோ தனி மதிப்பைக் குறிப்பிட்டிருந்தால், பொதுப் பட்டியலை விட்டுவிட்டு அதையே பின்பற்ற வேண்டும்.

இந்த எண்கள் எண்ணெய்ப் பசையற்ற உலர்ந்த மரைகளுக்கு உரியவை. துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் மரையில் எண்ணெய் பூசி, அதே எண்ணுக்கு இறுக்குவதைப் பலர் தவறாகக் கருதுவதில்லை. தோராயமாகக் கணக்கிட்டால், உலர்ந்த கால் அங்குல போல்ட்டில் 60 அங்குல-பவுண்டு ஏறத்தாழ 1,200 பவுண்டு பிடிப்பு விசையைத் தருகிறது. உராய்வு கால் பங்கு குறைந்தால் அதே 60, 1,600 பவுண்டைத் தந்துவிடும். துருவைத் தடுக்க வேண்டுமென்றால் பாதுகாப்புப் பூச்சைப் போல்ட்டின் தண்டுப் பகுதியில் மட்டும் தடவி, மரையைத் துடைத்து உலர்த்திக்கொள்ளலாம்.

உள்ளே உள்ள நைலான் வளையத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் நைலாக் நட்டுகளில் எதிர்த்திசைப் பிழை, அதாவது இறுக்கம் குறைவது, நேர்கிறது. நட் அடிப்பரப்பைத் தொடுவதற்கு முன்பே அதைத் திருப்ப ஒரு விசை தேவைப்படுகிறது. அதை அளந்து பட்டியல் மதிப்போடு கூட்ட வேண்டும். நட்டை ஓட்டுவதற்கே 10 அங்குல-பவுண்டு செலவானால், 60 வேண்டிய இடத்தில் ரெஞ்சை 70-இல் வைக்க வேண்டும். விரலால் திருப்பி முழுவதும் ஏற்றிவிடக்கூடிய நைலாக் நட் தன் பிடியை இழந்துவிட்டது. அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பிரேக் வட்டுக்கு அருகில் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய இடத்திலும் நைலான் வளையமுள்ள நட்டுக்கு வேலையில்லை. அங்கே முழுவதும் உலோகத்தாலான நட்டைத்தான் போட வேண்டும்.

ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டியும் இணைப்பு தளர்ந்தே இருக்கும் நிலை ஒன்று உண்டு. போல்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்து, நட் மரையின் முடிவில் போய் முட்டிக்கொண்டால், முறுக்கு விசை ஏறுமே தவிர பாகங்கள் அழுத்தப்படுவதில்லை. வாஷர்களைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் போல்ட்டின் நீளத்தை மாற்றுவதே முறை. போல்ட்டின் நுனி நட்டைத் தாண்டிக் குறைந்தது ஒரு மரையாவது வெளியே தெரிய வேண்டும். வாஷருக்கு அடியில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால், அது நாளடைவில் அமுங்கிப் பிடிப்பைத் தின்றுவிடும் என்பதால் அந்த வட்டத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது.

இடுக்கான இடங்களில் ரெஞ்சின் முனையில் நீட்டிப்பு ஒன்றை மாட்டினால் கணக்கு மாறும். கைப்பிடியின் நடுவிலிருந்து முனை வரை 12 அங்குலமும், அதே கோட்டில் நீட்டிப்பு 2 அங்குலமும் இருந்தால், நட்டில் 60 கிடைக்க ரெஞ்சை 51-க்குச் சற்று மேல் வைக்க வேண்டும். நீட்டிப்பைச் செங்கோணத்தில் திருப்பி மாட்டினால் இந்தத் திருத்தமே தேவையில்லை. முடிந்தவரை நட்டைத்தான் திருப்ப வேண்டும். போல்ட்டின் தலையைத் திருப்பினால் துளைக்குள் தண்டு உரசும் விசையும் அளவில் கலந்துவிடும்.

ஆட்டத்தை இறுக்கத்தால் குணப்படுத்த முயல்வதைத்தான் இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். கிட் விமானங்களை விற்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-6, ஆர்வி-7 ஆகியவற்றின் வால்சக்கர வடிவங்களில், எஃகுத் தண்டாலான லேண்டிங் கியர் கால் எஞ்சின் தாங்கியோடு சேர்ந்த குழல் போன்ற உறைக்குள் நுழைந்து, குறுக்கே செல்லும் போல்ட்டால் நிறுத்தப்படுகிறது. துளை தேய்ந்து அகன்றுவிட்டால் கால் உறைக்குள் ஆடத் தொடங்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. துளையை ரீமர் என்னும் துளை சீராக்கும் கருவியால் சீராக்கிப் பெரிய, நெருங்கிப் பொருந்தும் போல்ட்டைப் போடுவதே தீர்வு. அதையும் வடிவமைப்பாளரிடம் கேட்டே செய்ய வேண்டும். இதைக் கண்டறிய விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தில் எடை இல்லாத நிலையில் ஒருவர் முன்னும் பின்னும் அசைக்க, மற்றவர் இணைப்பின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். எடை இருக்கும்போது இணைப்பு அழுந்தியிருப்பதால் ஆட்டம் மறைந்துவிடும். எஃகில் செந்நிறத் தூளும், அலுமினியத்தில் கரும்பசை போன்ற கசிவும், வாஷரைச் சுற்றி வெடித்த வண்ணமும் உள்ளே அசைவு இருப்பதன் அடையாளங்கள்.

மரத்தாலான சட்டகம் ஈரப்பதத்துக்கு ஏற்பப் பருத்துச் சுருங்கும் என்பதால், பருவம் மாறிய பின் அதைத் தனியே பார்க்க வேண்டும். கண்ணாடியிழைக் கால்களில் போல்ட் செல்லும் இடத்தில் உலோகக் குழல் இல்லையென்றால், பிசின் மெல்ல மெல்ல அமுங்கிப் பிடிப்பு குறையும். பிரேக்கின் சூடு இதை விரைவுபடுத்துகிறது.

சக்கரத்தின் இரு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டுகளுக்கும் பொதுப் பட்டியல் பொருந்தாது. கிளீவ்லேண்ட் சக்கரங்களில் உரிய முறுக்கு விசை சக்கரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அச்சு நட்டின் நிலையோ முற்றிலும் வேறு. அது கூம்பு உருளை பேரிங்கைப் பிடித்திருப்பதால், சக்கரம் தடையின்றிச் சுழன்று, பக்கவாட்டில் ஆட்டமில்லாமல், கையால் சுழற்றும்போது மெல்லிய இழுப்பு மட்டும் தெரியும் அளவுக்கே அதை இறுக்கி, நட் திரும்பாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் போட வேண்டும். அதன் மரை அளவைப் பார்த்துப் பட்டியல் எண்ணுக்கு இறுக்கினால் பேரிங் சூடேறிச் சிதைந்துவிடும்.