கணக்குக் கேட்கும் எம்.பி.க்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

1957 ஜூன் மாதம் எல்.ஐ.சி. நிறுவனம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. எல்.ஐ.சி. தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. செப்டம்பரில் மக்களவையில் இதுபற்றி ஒரு கேள்வி வந்தது. கிடைத்த பதிலில் யாருக்கும் திருப்தி இல்லை. நவம்பரில் மறுபடியும் கேட்டார்கள். டிசம்பரில் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி எழுந்து, யார் சொல்லி, எந்த விலைக்கு, எதற்காக இந்தப் பங்குகள் வாங்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஆளுங்கட்சிக்காரர், போதாததற்குப் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் நம் சென்னைக்காரர்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் பெரோஸ் காந்தியின் துணிச்சலைப் பாராட்டுவார்கள். துணிச்சல் இருந்தது, சரி. ஆனால் அந்தக் கேள்விகளில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, தொகை இருந்தது, நடந்த கொடுக்கல் வாங்கல் இருந்தது. நழுவ இடம் குறைவு. இன்றைக்கு அவையில் வரும் நிதி தொடர்பான கேள்விகளையும் பதில்களையும் படித்தால், பெரும்பாலானவை தோற்பது பயத்தால் இல்லை என்று தெரியும். கேள்வியை எழுதிய விதத்திலேயே அமைச்சருக்கு வாசல் திறந்து வைத்திருக்கும்.

“கேள்வி எழவில்லை”

நாடாளுமன்றக் கேள்விகளை (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவாகப் பிரித்து எழுதுவது வழக்கம். புதிதாக வரும் உறுப்பினர்கள், அல்லது அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் உதவியாளர்கள், செய்யும் முதல் தவறு இங்கேதான். “(அ) இன்ன திட்டத்தில் நிதி வீணடிக்கப்படுகிறது என்பது உண்மையா? (ஆ) ஆம் எனில், அதன் விவரம் என்ன? (இ) எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?” என்று எழுதிவிடுவார்கள். பதில் இரண்டே வரியில் முடிந்துவிடும்: “(அ) இல்லை. (ஆ) மற்றும் (இ): கேள்வி எழவில்லை.”

முதல் பிரிவை ஆம்-இல்லை என்று வைத்து, மற்றதை எல்லாம் அதன் தலையில் ஏற்றியதுதான் பிழை. அமைச்சகம் பொய்கூடச் சொல்லத் தேவையில்லை; ‘வீணடிப்பு’ என்பதை அது ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான். ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும். கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, செலவாகாமல் நிற்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் எதற்கும் “எழவில்லை” சொல்ல முடியாது.

விதிகளும் அதையே எதிர்பார்க்கின்றன. மக்களவை விதிப்படி ஒரு கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, கற்பனைச் சூழல், கருத்துக் கேட்பது எதுவும் கூடாது. கோபத்தைக் கேள்விக்குள் கொட்டினால் அது அனுமதிக்கப்படாமலே திரும்பி வரும். கோபத்துக்கு, துறைகளின் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது, அந்தச் செலவைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் இருக்கிறது.

ஒதுக்கியதைச் செலவாக எண்ணுவது

செய்தித்தாள் படிப்பவர்களும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். “இந்தத் திட்டத்துக்கு அரசு 1,000 கோடி கொடுத்தது” என்று பேசுகிறோம். கொடுத்ததா, கொடுப்பதாகச் சொன்னதா? பட்ஜெட் மதிப்பீடு என்பது ஏப்ரலுக்கு முன் போட்ட உத்தேசம். அடுத்த பட்ஜெட்டோடு திருத்திய மதிப்பீடு வரும். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் பட்ஜெட் ஏட்டில் ஏறும். மத்திய அரசு மாநிலத்துக்கு விடுவித்த பணம், ஏதோ ஒரு கணக்கில் சும்மா கிடக்கவும் கூடும். அது பயன்பட்டதற்கான சான்றிதழைத் தர, நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை பொது நிதி விதிகள் அவகாசம் தருகின்றன.

ஆகவே “எவ்வளவு” என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தச் செலவு இனத்தில் எவ்வளவு என்று கேட்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம், பெண் குழந்தைகளைக் காப்போம், கற்பிப்போம் என்ற மத்திய அரசின் திட்டம். 2019 ஜனவரியில் ஐந்து எம்.பி.க்களின் கேள்விக்கு அரசே மக்களவையில் எழுத்தில் பதில் தந்தது. 2014-15 முதல் 2018-19 வரை அந்தத் திட்டத்தின் நிதியில் 56 சதவீதத்துக்கும் மேல் விளம்பரம், ஊடகப் பணிகளுக்குப் போயிருந்தது. மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் போனது 25 சதவீதத்துக்கும் குறைவு. 19 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கப்படவே இல்லை. மொத்த ஒதுக்கீட்டை மட்டும் கேட்டிருந்தால், அமைச்சகம் பெருமையோடு ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

மார்ச் மாதச் செலவைத் தனியாகக் கேட்பதும் பலன் தரும். நிதியாண்டின் செலவில் கடைசி மூன்று மாதத்தில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் போகக் கூடாது என்று நிதியமைச்சகம் வரம்பு வைத்திருக்கிறது. எதற்காக அந்த வரம்பு என்று அரசு அலுவலகத்தில் மார்ச் கடைசி வாரத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றை எண்ணைக் கேட்பது

ஒரு எண்ணுக்கு எப்போதும் ஜோடி எண் ஒன்று உண்டு. அதைச் சேர்த்துக் கேட்காவிட்டால் இரண்டு பக்கமும் தங்களுக்குத் தோதான பாதியை எடுத்துக்கொள்ளும்.

வங்கிக் கடன் விவகாரத்தைப் பாருங்கள். 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய்க் கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கியதாக 2023-இல் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. உடனே ஒரு தரப்பு “பணக்காரர்களுக்குப் பரிசு” என்றது. இன்னொரு தரப்பு “இது கணக்கு நடைமுறைதான், கடனாளியை யாரும் விட்டுவிடவில்லை, வசூல் தொடர்கிறது” என்றது. இரண்டாவது விளக்கம் நடைமுறைப்படி சரிதான். ஆனால் வசூல் எவ்வளவு? அதே காலத்தில், அப்படி நீக்கப்பட்ட கடன்களிலிருந்து திரும்பி வந்தது சுமார் 2.04 லட்சம் கோடி, அதாவது ஏழில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரு தரப்பு வசனமும் சுருதி இறங்கிவிடும். உருப்படியான பேச்சு அங்கேதான் தொடங்குகிறது: எந்த வங்கியில் வசூல் மோசம், ஏன்?

ஜி.எஸ்.டி.யால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்ட வசூலித்த கூடுதல் வரியான இழப்பீட்டு செஸ் இதைவிடத் தெளிவான உதாரணம். வசூலாகும் செஸ் முழுவதும் அதற்கென உள்ள நிதியத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2017-18-இல் வசூல் 62,612 கோடி, நிதியத்துக்கு மாற்றியது 56,146 கோடி. அடுத்த ஆண்டு வசூல் 95,081 கோடி, மாற்றியது 54,275 கோடி. இரண்டு ஆண்டிலும் சேர்த்து 47,272 கோடி ரூபாய் மத்திய அரசின் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது என்று 2020 செப்டம்பரில் அவையில் வைக்கப்பட்ட, அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை சொன்னது. “செஸ் வசூல் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் இது வெளியே வராது. எந்த செஸ்ஸைப் பற்றிக் கேட்டாலும் இரண்டாவது கேள்வி “நிதியத்துக்குப் போனது எவ்வளவு?” என்பதாக இருக்க வேண்டும்.

பட்ஜெட் ஏட்டுக்குள் மட்டும் தேடுவது

2020-21 பட்ஜெட்டில் உணவு மானியம் சுமார் 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 4.22 லட்சம் கோடி ஆகிவிட்டது. கொரோனா காலத்து இலவச அரிசி, கோதுமை ஒரு காரணம். இன்னொரு காரணம் பழைய பாக்கி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மானியத்தின் ஒரு பகுதியை அரசு தன் பட்ஜெட்டில் காட்டவில்லை. இந்திய உணவுக் கழகத்தைத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்துச் சமாளித்தது. பற்றாக்குறை குறைவாகத் தெரிந்தது. கடன் கழகத்தின் தலையில் ஏறியது. இதை சி.ஏ.ஜி. முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்.

மாநிலங்களும் இதில் சளைத்தவை இல்லை. மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், வீட்டுவசதி வாரியம் வாங்கும் கடன்களும், அவற்றுக்கு அரசு தரும் உத்தரவாதங்களும் கேள்வியில் இருந்தால்தான் முழுப் படம் கிடைக்கும். “மாநிலத்தின் கடன் எவ்வளவு?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வந்தாலும் அது பாதிப் பதில்தான்.

பெரிய எண்ணில் மயங்குவது

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஊர் முழுக்கப் பரவிய எண் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன். அந்த அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை பற்றியும், சொந்த வரி வருவாய் மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் சரிந்திருப்பது பற்றியும், மின்சார, போக்குவரத்து நிறுவனங்களின் நஷ்டம் பற்றியும் பக்கம் பக்கமாக இருந்தது. என் பார்வையில் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் அவைதான். கடனைக் குடும்பங்களால் வகுப்பது திண்ணைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். வாங்கிய கடன் சாலையாக, அணையாக மாறியதா, சம்பளத்துக்கும் வட்டிக்கும் போனதா என்பதை அது சொல்லாது.

செல்போன் நிறுவனங்களுக்கு 2ஜி அலைக்கற்றை ஒதுக்கிய விவகாரத்தில் இதே மயக்கம் நாட்டையே பிடித்தது. 2010-இல் சி.ஏ.ஜி. அறிக்கை, கணக்கிடும் முறையைப் பொறுத்து உத்தேச இழப்பு 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை இருக்கலாம் என்றது. மக்கள் மனதில் நின்றது கடைசி எண் மட்டும். அதுவும் களவு போன ரொக்கமாகவே நின்றது. ஒதுக்கீட்டு முறை தவறு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2017-இல் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. ‘நடைமுறை சரியா’ என்பது ஒரு கேள்வி, ‘அரசுக்கு இழப்பு எவ்வளவு’ என்பது இன்னொன்று, ‘யார் லஞ்சம் வாங்கினார்’ என்பது வேறொன்று. மூன்றையும் ஒரே எண்ணில் கட்டிப்போட்டதால் முதல் கேள்விக்குக்கூடப் பொறுமையாக விவாதம் நடக்கவில்லை.

தவறான வரிசையில் நிற்பது

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள்தான் பட்டியலில் வரும். குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதில் சிலதான் எடுக்கப்படும். குறியிடாத கேள்விகள் 230, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில். மாவட்டவாரிப் புள்ளிவிவரம் வேண்டும் என்பவர் இரண்டாவதில் கேட்பதே நல்லது. டிவியில் வராது, ஆனால் அட்டவணை கைக்கு வரும். அமைச்சரை மடக்க நினைப்பவர், அந்த அட்டவணையை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த தடவை நட்சத்திரத்துக்குப் போகலாம்.

பதில் வந்ததும் விட்டுவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்” என்ற பதிலைப் பார்த்ததும் பலர் சலித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வாக்கியம் விதிப்படி ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் அரசு அதை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கவனிக்கவே நாடாளுமன்றத்தில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்வதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் அங்கே எழுதிக் கேட்கலாம். கேட்காவிட்டால் தகவல் திரண்டுகொண்டே இருக்கும்.

சி.ஏ.ஜி. அறிக்கைகளும் அப்படித்தான். அவற்றை அவையில் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 151-ஆவது பிரிவு சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லி மாநில அரசிடம் 14 அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வராமல் கிடந்து, ஆட்சி மாறிய பிறகு 2025-இல்தான் வெளிவரத் தொடங்கின. அறிக்கை அரசின் கைக்கு எந்தத் தேதியில் வந்தது, அவையில் எந்தத் தேதியில் வைக்கப்படும் என்ற சாதாரணக் கேள்வியை எந்த எதிர்க்கட்சி உறுப்பினரும் கூட்டத்தொடருக்கு ஒரு தடவை கேட்கலாம்.

உங்கள் தொகுதி எம்.பி. மூலம் ஏதாவது கேட்க நினைத்தால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கடிதம் எழுதாதீர்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மனுவாக எழுதாமல், திட்டத்தின் சரியான பெயர், ஆண்டு, எந்த இனம், எந்த அமைச்சகம் என்று கேள்வி வடிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. அதே கேள்விக்கு ஏற்கெனவே வந்த பதிலின் தேதியையும் சேர்த்து அனுப்பினால், உதவியாளருக்கு வேலை மிச்சம், உங்கள் கேள்வி உள்ளே போக வாய்ப்பும் அதிகம்.