ராத்திரி வயலுக்குத் தனியாகப் போய்வரப் பழகுவது எப்படி

பம்புசெட் வைத்து விவசாயம் செய்கிறவர்கள் இருட்டைத் தவிர்க்கவே முடியாது. பல ஊர்களில் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று முறை வைத்துத்தான் வருகிறது. பதினொரு மணிக்கு வந்தால் பதினொரு மணிக்குப் போய்த்தான் மோட்டாரைப் போட்டு மடை திருப்ப வேண்டும். நகரத்தில் வளர்ந்து இப்போது குடும்ப நிலத்தைப் பார்க்க வந்தவர்கள் இதற்காக முதலில் செய்வது பெரிய டார்ச் ஒன்று வாங்குவது. டார்ச் வேண்டும்தான், ஆனால் அது விழுகிற வட்டத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் நடக்கிறவருக்குப் பயம் குறையாது, பேட்டரி தீர்ந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். கண்ணும் காலும் காதும் இருட்டுக்குப் பழக வேண்டும். கொஞ்ச நாள் விடாமல் பழகினால் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும்.

முதல் வேலை பகலில். வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்குப் போக ஒரே ஒரு வழியை முடிவு செய்யுங்கள், குறுக்கு வழியெல்லாம் பகலோடு சரி. அந்த வழியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் வழியையே மாற்றிவிடுங்கள், இதில் சமாதானமே வேண்டாம். முள்கம்பி, தாழ்வாகத் தொங்கும் ஒயர், வாய்க்கால் தாண்டுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழியின் இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம், பக்கத்து நிலத்தில் காட்டுப்பன்றிக்காக யாராவது திருட்டுத்தனமாகக் கரண்ட் வேலி போடுகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அதில் மிதித்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடத்தில் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும், பலர் அதோடு ‘இவ்வளவுதான்’ என்று டார்ச்சைப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குப் பிறகு தெரிவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அந்த அரை மணி நேரப் பலனை ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் கெடுத்துவிடும், அதனால் போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வையுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பாருங்கள், மூடிய கண் பழகிய நிலையிலேயே இருக்கும். எதையாவது கிட்டத்தில் பார்க்கத் துளி வெளிச்சம் போதும் என்றால் டார்ச் முகப்பை விரல்களால் முழுக்க மூடிப் பிடியுங்கள். விரலுக்குள்ளிருந்து கசிகிற மங்கல் சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

பார்க்கிற விதமும் மாற வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. எதிரே கறுப்பாக ஒன்று நிற்கிறது என்று அதையே முறைத்துப் பார்த்தால் மறைந்துபோகும், சில சமயம் நகர்வது போலவும் தோன்றும். பேய்க் கதைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி அகலம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப் பாருங்கள், பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல ஓட்டிக்கொண்டே இருங்கள். அப்படியும் புரியவில்லையா, குத்தவைத்து உட்காருங்கள். கீழிருந்து பார்த்தால் பனையா, ஆளா, மாடா என்று வானத்தின் பின்னணியில் உருவம் பிரிந்து தெரியும். தண்ணீர் வானத்தைப் பிரதிபலிப்பதால் தரையைவிட வெளுப்பாகத் தெரியலாம், காய்ந்த தடமும் வெளுப்பாகத்தான் இருக்கும், அதனால் வெளுப்பாக இருக்கிறதே என்று நம்பிக் காலை வைக்காமல் கம்பால் தொட்டுப் பாருங்கள்.

பழக ஆரம்பிக்கச் சரியான நாள் பௌர்ணமி. அன்று சூரியன் மறைகிற நேரத்திலேயே நிலா வந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் அது சராசரியாக 50 நிமிடம் பிந்திப் பிந்தி எழும். நீங்கள் தினமும் எட்டு மணிக்கே கிளம்பினால் போதும், மூன்றாம் நாள் வாக்கில் நிலா வருவதற்கு முன் அரை மணி நேரம் போல இருட்டு கிடைக்கும், ஒரு வாரத்தில் அது மூன்று மணி நேரத்தைத் தாண்டும், அப்படியே அமாவாசை. தேய்பிறையே படிப்படியாக உங்களைப் பழக்கிவிடும்.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள்: டார்ச்சை அணைத்துப் பழகுவதெல்லாம் களம், பெருக்கிய வாசல், மொட்டைத் தரை மாதிரி இடங்களில் மட்டும். புல் இருக்கும் வரப்பில், வைக்கோல் போர் பக்கத்தில், கல் குவியல் பக்கத்தில் டார்ச் எரிந்தே ஆக வேண்டும். கம் பூட்ஸும் கம்பும் கூடவே வேண்டும். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு போனால் பல பாம்புகள் அதிர்வை உணர்ந்து விலகும், ஆனால் கண்ணாடி விரியன் பல நேரம் அசையாமல் கிடக்கும், அதனால் தட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பூனை, நாய், மாடு மாதிரிப் பாம்பின் கண் டார்ச்சில் மின்னாது. தரையைத்தான் பார்க்க வேண்டும்.

டார்ச்சைப் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. தலையில் கட்டுகிற லைட் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் மேடுபள்ளத்தின் நிழல் தெரியாது, தரை தட்டையாகத் தோன்றும், பூச்சியும் முகத்தில் மொய்க்கும். கையில் இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் சின்னக் குழிக்கும் நீள நிழல் விழும். நடக்கும்போது காலடியைக் குட்டையாக வையுங்கள், முன்கால் தரையை உணர்ந்த பிறகுதான் உடல் எடை அதன் மேல் போக வேண்டும். அவ்வப்போது நின்று கேளுங்கள். கத்திக்கொண்டிருக்கிற சில்வண்டும் தவளையும் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நின்றால் அங்கே ஏதோ அசைகிறது.

மோட்டார் ரூம் வேலையைக் கைக்குப் பழக்குங்கள். சாவி எப்போதும் ஒரே பையில், பூட்டுத் துவாரத்தை விரலால் தேடித் திறக்கப் பகலிலேயே கண்ணை மூடிப் பழகலாம். மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் இப்படித் தடவக் கூடாது. உள்ளே கை வைக்கும் முன் டார்ச் போட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் தேளும் பல்லியும் ஒதுங்கும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். ஓடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம், தடமும் சரியாகத் தெரியாது. ராத்திரி காலில் ஏதோ உரசியது, கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது, இமை சொருகுகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அதனால்தான் கிளம்பும்போதே ‘இந்த வழியில் போகிறேன், இத்தனை மணிக்குள் வருவேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறேன், அந்த நேரம் தாண்டினால் அவர்கள் போன் பண்ண வேண்டும், எடுக்கவில்லை என்றால் அதே வழியில் தேடி வர வேண்டும்.