தேய்ந்த கல்லறை எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டு வெளிச்சம்

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலய வளாகங்களில் உள்ள பழைய கல்லறைகளில் எழுத்து மங்கியிருந்தால், எதிரே நின்று உற்றுப் பார்ப்பதை விட்டு, ஒரு சிறு டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் பரப்பை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக விழும் ஒளி மேட்டையும் பள்ளத்தையும் ஒரே சீராக நிரப்பிவிடும். பக்கவாட்டில் வரும் ஒளியிலோ, ஆழம் குறைந்துபோன வெட்டுக்குள்ளும் நிழல் தங்குவதால், எழுத்தின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தெளியும். குளோஸ்டர்ஷயரின் பெயின்ஸ்விக் ஊரில், புனித மேரி தேவாலயத்தின் யூ மரங்களுக்கு இடையே நிற்கும் 17, 18ஆம் நூற்றாண்டுப் பெட்டி வடிவக் கல்லறைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. அவற்றின் காட்ஸ்வோல்டு குன்றுப் பகுதிச் சுண்ணாம்புக்கல் செதுக்குவதற்கு இணக்கமானது. அந்த மென்மையாலேயே மழையிலும் உறைபனியிலும் தேய்ந்துவிடுகிறது. வெறும் சொரசொரப்பாகத் தோன்றும் பக்கப் பலகையில்கூட, விளக்கைச் சற்றே நகர்த்தும்போது செதுக்கிய சுருள் வேலைப்பாட்டின் வளைவு மெல்ல மேலெழுந்து வருவது அத்தனை அழகு.

உச்சி வெயிலில் டார்ச் ஒளி எடுபடாது. குடை விரித்துக் கல்லுக்கு நிழல் தர வேண்டும். மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்துவிட்ட கல்லிலும், கற்பாசி அடர்ந்து மூடிய கல்லிலும் இம்முறை பயன்படாது. அப்போதும் கற்பாசியைச் சுரண்டவோ, சாக்பீஸோ மாவோ ஷேவிங் நுரையோ தடவவோ கூடாது. சுரண்டினால் பாசியோடு கல்லும் பெயர்ந்து, எஞ்சிய எழுத்தும் போய்விடும்.