ஷெனண்டோவா மலையும் ஆன்டீட்டம் போர்க்களமும்: குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்டோபர் பிறந்தால் வாஷிங்டன் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு வர்ஜீனியா மலைப்பக்கம் கிளம்பிவிடும். ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும், அப்படியே அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த ஓர் இடத்தையும் பார்த்துவிட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பார்கள் பாருங்கள், பாதித் தவறுகள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

மலைமேல் ஓடும் ஸ்கைலைன் டிரைவ் சாலையின் நீளம் 105 மைல். வேக வரம்பு மணிக்கு 35 மைல். எங்கும் நிறுத்தாமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும். நிறுத்தாமல் போவதற்கு அங்கே போகவே வேண்டாம். முழுச் சாலையையும் ஓட்டித் தீர்க்காதீர்கள். தார்ன்டன் கேப் நுழைவாயிலில் ஏறி பிக் மெடோஸ் வரை சுமார் 20 மைல் போதும். மலையைக் குடைந்த சுரங்கமும், பூங்காவிலேயே உயரமான ஹாக்ஸ்பில் சிகரமும் இதற்குள் வந்துவிடும். வார இறுதி என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்.

மலை முழுக்க ஒரே நாளில் சிவக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உச்சியில் முதலில் நிறம் மாறும், அப்புறம்தான் மெல்லக் கீழே இறங்கும். மேலே இலை கொட்டிப்போயிருந்தால் ஏமாந்து திரும்பாமல் பள்ளத்தாக்குச் சாலைகளில் போய்ப் பாருங்கள். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும், வயிறு முட்டச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள்.

போர்க்களத்துக்கு மறுநாளை ஒதுக்குங்கள். மேரிலாந்தில் ஷார்ப்ஸ்பர்க் ஊரை ஒட்டி இருக்கிறது ஆன்டீட்டம். 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் இங்கே ஏறக்குறைய 23,000 பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், காணாமல் போனார்கள். களத்தைச் சுற்றிவர எட்டரை மைல் சாலை உண்டு. காரைவிட்டு இறங்காமலே சுற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. கண்ணாடி வழியே தெரிவது புல்வெளியும் பீரங்கியும்தான்.

சங்கன் ரோடு என்ற இடத்திலாவது இறங்குங்கள். வண்டிச் சக்கரமும் மழையும் அரித்து அரித்துப் பள்ளமாகிப்போன பண்ணைப் பாதை அது. அடிமைமுறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை அதற்குள் பதுங்கிச் சுட்டது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சுமார் 5,500 பேர் விழுந்தார்கள். பின்னாளில் அதன் பெயரே ‘இரத்தப் பாதை’ என்றாகிவிட்டது. என் மகளை அதற்குள் நிற்கவைத்தேன். இரண்டு பக்கக் கரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள மாட்டிக்கிட்டா எந்தப் பக்கம் ஓடுவாங்க?" என்று கேட்டாள். எந்தத் தகவல் பலகையும் அவளை அப்படிக் கேட்க வைத்திருக்காது.

சண்டையை மட்டும் சொல்லிவிட்டு, சண்டை எதற்காக என்பதை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. பிள்ளைகளிடம் அடிமைமுறையைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். ஆன்டீட்டம் சண்டை முடிந்து ஐந்தாம் நாள், கிளர்ச்சி செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை பெற்றவர்கள் என்று ஜனாதிபதி லிங்கன் அறிவித்தார். இதைச் சொல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தில் அத்தனை பேர் எதற்காக விழுந்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியாது.

பீரங்கிமேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள். மண்ணில் பழைய தோட்டா கண்ணில் பட்டால் எடுக்கவும் கூடாது, அது குற்றம்.

இதே போர்க்களத்தில் இருக்கும் பர்ன்சைடு பாலத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதன்பின் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். பாலத்தின் ஓரத்தில் ஒரு சைகமோர் மரம் நிற்கிறது. இந்தச் சண்டை முடிந்த சில நாட்களில் எடுத்த புகைப்படத்தில் அது ஒல்லியான இளமரம். அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, மரத்தடியில் நின்று பிள்ளைகளிடம் காட்டுங்கள்.