100 கிராம் பச்சைப்பயறு, இரண்டு நாள் சுண்டல்

பாக்கெட் முளைப்பயறுக்குக் காசு அழ வேண்டாம். 100 கிராம் முழுப் பச்சைப்பயறை அலசி, பயறுக்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்க இரவு ஊறவிடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் சொத்தை, எடுத்துவிடலாம். காலையில் நன்றாக வடித்து, பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, இட்லித் தட்டின்மேல் வைத்து மூடுங்கள். கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: வடிக்காமல் கிண்ணத்தில் வைத்தால் அடியில் நீர் தேங்கி, கொழகொழத்துப் புளித்த வாடை வரும். சித்திரையில் மாலைக்குள்ளேயே வால் எட்டிப் பார்க்கும். மார்கழியில் மறுநாள் ஆகும். துணி காய்ந்தால் லேசாகத் தெளியுங்கள்.

அரை அங்குலம் முளைத்தால் போதும். பச்சையாகத் தின்னாமல் ஆவியில் வேகவையுங்கள். முளைக்கவைக்கும் அதே ஈரச்சூட்டில் கிருமியும் வளரும். மீதி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.