கணக்கியல் தரநிலை வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

நிறுவனங்கள் கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்புதான் கணக்கியல் தரநிலை. புதிய தரநிலையை இறுதி செய்வதற்கு முன் அதன் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். எக்ஸ்போஷர் டிராஃப்ட் என்பது இதுதான். பெரிய ஆடிட்டர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. நாளும் கணக்கு எழுதுகிறவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

படி 1: கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியமான ஐஏஎஸ்பி வழக்கமாக 120 நாள் தருகிறது. அதே வரைவுக்கு உங்கள் நாட்டு வாரியமும் கருத்துக் கேட்டால், தொகுத்து அனுப்ப வேண்டும் என்பதால் அதன் கெடு பெரும்பாலும் முன்னதாகவே முடிந்துவிடும்.

படி 2: முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். வரைவில் கேட்டிருக்கும் கேள்விகளை முதலில் படியுங்கள். அப்புறம் 'முடிவுகளுக்கான அடிப்படை' பகுதி. ஏன் இந்த வழி, எதை ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். உடன்படாத வாரிய உறுப்பினர் இருந்தால் அவரது மாற்றுக் கருத்தும் கிடைக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

படி 3: உங்களுக்குத் தெரிந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, அந்த விதியை உங்கள் பேரேட்டில் போட்டுப் பாருங்கள். உயிர்நாடியே இதுதான். "இது சிறு நிறுவனங்களுக்குச் சுமை" என்று எழுதினால் வாரியத்துக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. குத்தகைகளையெல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் காட்டச் சொல்லும் விதி என்றால், இப்படி எழுதுங்கள்:

"எங்களிடம் 60 பிரிண்டர்கள் குத்தகையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனித் தொடக்கத் தேதி. 60 முறை தற்போதைய மதிப்பு (இனி கட்ட வேண்டிய தவணைகளின் இன்றைய மதிப்பு) கணக்கிட வேண்டும். மொத்தத் தொகையோ எங்கள் சொத்துகளில் ஒரு சதவீதம்கூட இல்லை."

இந்த மாதிரிக் கருத்துக்குப் பலன் உண்டு. குத்தகைத் தரநிலைக்கு 2010இல் ஒரு வரைவு வந்தது. எதிர்ப்புக்குப் பின் 2013இல் திருத்திய வரைவு. எண்ணிக்கையில் அதிகமாகவும் மதிப்பில் குறைவாகவும் உள்ள குத்தகைகளின் செலவைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். 2016இல் வந்த இறுதித் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16இல் குறைந்த மதிப்புச் சொத்துகளுக்கு விலக்கு இருந்தது.

படி 4: மாற்றுவழியும் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் எந்தச் சொல்லை மாற்றலாம் என்று எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. ஒரு விதி சரியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எதிர்ப்பவர்கள் மட்டும் எழுதினால் நல்ல விதியும் போய்விடும்.

படி 5: அனுப்புமுன் வாடிக்கையாளர் பெயர், ரகசியத் தொகைகளை நீக்குங்கள். கடிதங்கள் பொதுவாக வெளியிடப்படும்.

இறுதித் தரநிலை வந்ததும் மறுபடி 'முடிவுகளுக்கான அடிப்படை'யைத் திறந்து, நீங்கள் எழுப்பிய விஷயத்துக்கு என்ன பதில் தந்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.